நெல் அவிக்கும் வாடை: உடல்வழிச் சிகிச்சைக்குப் போய் நான் பட்டதும் கற்றதும்

மாசி பிறந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நெல்லிக்காயை முழுசாக விழுங்கி அது பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு உள்ளங்கையும் சில்லிட்டுப் போகும், பின்கழுத்து பலகையாக இறுகும், ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்புத் தட்டினால் விடியும்வரை கண் மூடாது. பங்குனி பாதியில் தானாகக் குறைந்துவிடும். இப்படி எத்தனை மாசி போயிற்று என்று நான் எண்ணி வைக்கவில்லை. 2019 மாசியில், கடையில் ஒரு பெரியவருக்குச் சிட்டா எடுத்துக்கொண்டிருந்தபோது மூச்சே நின்றுவிடும்போல ஆகி, நாற்காலியோடு சரிந்தேன். அன்றிலிருந்துதான் கணக்கு. அப்போது எனக்கு வயது 36.

கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஜெராக்ஸ், இ-சேவைக் கடை வைத்திருக்கிறோம். என் ஐந்து வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா வெளிநாட்டில். ஆறு வயதிலிருந்து பதினாறு வரை பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். அடி, பட்டினி, ராத்திரி நேரத்தில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருந்த உள்ளில், அதாவது உள்ளறையில், போட்டுப் பூட்டுவது, இதெல்லாம் அந்த வீட்டில் சோறு குழம்பு மாதிரி சாதாரணம். அதற்கு மேல் விவரமாக எழுதப் போவதில்லை. எழுதாமல் இருப்பதும் ஒரு பாடம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் வயிற்று டாக்டர், நெஞ்சு டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் என்று சுற்றினேன். எண்டோஸ்கோபி இரண்டு தடவை, ஈசிஜி, எக்கோ, தைராய்டு, கழுத்துக்கு ஸ்கேன். எல்லாம் சேர்ந்து 31,000 ரூபாய் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் 'நார்மல்' என்ற சீட்டைக் கையில் வாங்கும்போது சந்தோஷம் வரவேண்டும், எனக்கு அவமானம்தான் வந்தது. நடிக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று. நடுவில் தாயத்து, பரிகாரம், ஒரு அம்மாவிடம் மந்திரிப்பு என்று 6,500 ரூபாய். இதில் பரிசோதனைகளுக்குச் செலவழித்ததை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே மாதிரி படபடப்பைக் கொடுக்கும், அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரே எண்டோஸ்கோபியை இரண்டாம் தடவை எடுத்ததற்குப் பதில், "இது மனசு சம்பந்தப்பட்டதா இருக்குமா டாக்டர்?" என்று நானாகவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

2021-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது. வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர், அவரும் துண்டை முகத்தில் போட்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளவில்லை, ஆனால் கொஞ்சம் பயம் போயிற்று. டாக்டரம்மா பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார். ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது. பாதிப் பாரம் இறங்கியது என்று சொல்லலாம். ஆனால் மாசி வந்ததும் தொண்டை மட்டும் அடைத்தது. சின்ன வயதுக் கதையை அவரும் கேட்டார்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், எல்லா வீட்லயும் நடக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மருத்துவரிடம் மறைத்தால் மருந்து பாதிதான் வேலை செய்யும்.

அப்புறம்தான் என் புத்தி கெட்டது. ராத்திரி தூக்கம் வராதபோது யூடியூப் பார்ப்பேன். 'ட்ராமா, அதாவது மனசில் பட்ட பழைய காயம், உடம்பில் சேர்ந்திருக்கிறது, பேசித் தீராது, உடம்பு வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும்' என்று ஒருவர் பேசினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தொண்டைக்கு யாரோ பேர் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் 'சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' என்று ஒரு உடல்வழிச் சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். ஆபத்து வரும்போது உடம்பு ஓடத் தயாராகும், அல்லது எதிர்த்து நிற்கத் தயாராகும், இரண்டும் முடியாவிட்டால் உறைந்துவிடும், முடிக்காமல் விட்ட அந்த ஓட்டம் பல வருஷம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். பூட்டிய உள்ளில் ஆறு வயதுப் பெண் எங்கே ஓடுவாள்? எனக்கு அது அப்படியே பொருந்தியது. பொருந்தியதால் அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் நம்பினேன்.

2022 டிசம்பரில் ஒரு மலைப்பகுதி விடுதியில் மூன்று நாள் முகாம். கட்டணம் 24,000. போக்குவரத்து 4,200. இரண்டாம் கட்டத்துக்கு முன்பணம் என்று முதல் நாள் சாயங்காலமே 15,000 வாங்கிக்கொண்டார்கள். 'இப்போது கட்டினால் சலுகை' என்றார்கள். நாளெல்லாம் மற்றவர்களிடம் "ஆதார் ஒரிஜினல் இருக்கா, டிசி இருக்கா, பிறப்புச் சான்று எங்கே" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவள் நான். அந்த மனிதரிடம் என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல தமிழ் பேசினார், கதர்ச் சட்டை போட்டிருந்தார், கண்ணைப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள் முப்பது பேரைப் பாயில் படுக்கவைத்து, மேளம் அடித்துக்கொண்டு, வாயால் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம். பத்தாவது நிமிஷத்தில் என் விரல்கள் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை. உதடு மரத்துவிட்டது. 'ட்ராமா வெளியே வருகிறது, விடாதீங்க' என்று ஒலிபெருக்கியில் சத்தம். பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும், அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து யாருக்கும் கை அப்படி இழுத்துக்கொள்ளும், அதில் ட்ராமாவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து கேட்காமலே என் நெஞ்சுக்குழியில் கையை வைத்து அழுத்தினார். எனக்குப் பத்தாய உள் வந்துவிட்டது. ஞாபகம் வந்தது என்று சொல்லவில்லை, உள்ளே இருந்தேன். அந்த இருட்டு, அந்த உமி அரிப்பு, கொல்லையிலிருந்து வந்த வாடை, எல்லாம். கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஊருக்கு வந்த இரண்டு நாள் மிதக்கிற மாதிரி இருந்தது. எல்லாருக்கும் போன் போட்டு 'எனக்குச் சரியாகிவிட்டது' என்றேன். 'இனி மாத்திரை தேவையில்லை, அது உணர்வை அமுக்கும்' என்று முகாமில் சொன்னதை நம்பி மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தொடங்கியது. தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டு வெட்டாக வந்தது, நடந்தால் தள்ளாடியது. குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. வீட்டுக்காரர் பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்கு அவர் கையைக் கடித்திருக்கிறேன். ஐந்து வாரம் கடைக்குப் போகவில்லை. அவர் ஒருவரால் ஜெராக்ஸும் பார்த்து ஆன்லைன் விண்ணப்பமும் போட முடியவில்லை. அதில் போன வருமானம் மட்டும் 40,000 இருக்கும். முகாம்காரர்களுக்குப் போன் செய்தால், "இது ஹீலிங் க்ரைசிஸ், அடுத்த கட்டத்துக்கு வாங்க, சரியாகும்" என்றார்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

என் மாமனார் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கியே முப்பது வருஷம் ஓட்டியவர். நான் திண்ணையில் சுருண்டு கிடப்பதைப் பத்து நாள் பார்த்துவிட்டு, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே, "மூணு நாள்ல அப்படி என்னம்மா பண்ணாங்க?" என்று கேட்டார். "உள்ள இருக்கற எல்லாத்தையும் வெளியில கொட்டச் சொன்னாங்க மாமா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "காஞ்சு வெடிச்சுக் கிடக்கற வாய்க்கால்ல ஒரேயடியா ஷட்டரத் தூக்குனா கரை நிக்காதும்மா. மேட்டூர் தொறந்து கல்லணைக்குத் தண்ணி வந்தாலும் நாங்க மொதல்ல நாலு விரக்கடைதான் தூக்குவோம், மண்ணு ஊறட்டும்னு" என்றார். அவருக்கு ட்ராமா என்ற வார்த்தையே தெரியாது. பின்னால் திருச்சியில் எனக்குக் கிடைத்த சிகிச்சை முழுக்க இந்த நாலு விரக்கடைதான்.

மறுபடி தஞ்சாவூருக்குப் போகக் கூசியது. திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரையை நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாக, தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும் என்று மட்டும் சொல்லி மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை நான் பத்தாயத்தைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்ற பேர் வந்தது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனப் பாதிப்புதான் பிடிஎஸ்டி, விபத்து மாதிரி ஒரே நாளில் முடிந்துபோனதற்குக்கூட அது வரும். தப்பிக்க வழியில்லாமல் வருஷக்கணக்கில் பட்டால் அதோடு இன்னும் மூன்று சேர்ந்துகொள்ளலாம், அதுதான் காம்ப்ளெக்ஸ்: கோபமோ பயமோ வந்தால் அடங்காது, நாம் எதற்கும் லாயக்கில்லாதவர் என்ற எண்ணம் வேர்விட்டிருக்கும், யாரிடமும் ஒட்ட முடியாது. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-லேயே இதைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்று நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். அவர் சொல்லி முப்பது வருஷம் கழித்து வந்த பட்டியல் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா திருச்சியில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். இந்தத் தடவை நான் கடைக்காரியாகவே போனேன். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் என்ன என்று முதல் போனிலேயே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் இணையத்தில் பதிவேட்டைத் திறந்து சரிபார்த்தேன். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைப்பவருக்கு அந்தப் பதிவு இருக்கவேண்டும். சோமாட்டிக் பயிற்சிச் சான்றிதழ் வேறு. அது மூன்று வருஷப் பயிற்சி, நல்ல பயிற்சிதான், ஆனால் அது மட்டுமே இருந்தால் மனநோய்க்குச் சிகிச்சை தர உரிமை வந்துவிடாது. அடிப்படைப் படிப்பும் பதிவும் இருந்து, அதன்மேல் இந்தப் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் நான்கு கேள்வி கேட்டேன், நீங்களும் கேளுங்கள். உடம்பைத் தொடுவீர்களா, தொட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தானா? நடுவில் எனக்கு அளவுக்கு மீறிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? என் மனநல மருத்துவரோடு பேசுவீர்களா? ஒரு தடவைக்கு ஒரு தடவை பணம் கட்டலாமா, மொத்தமாகக் கட்டவேண்டுமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள். "நான் தொடாமத்தான் வேலை செய்வேன், எப்பவாவது தேவைப்பட்டா கேப்பேன், நீங்க வேணாம்னு சொன்னா காரணம் கேக்க மாட்டேன்" என்றார் மேடம். அந்தப் பதிலுக்கே எனக்குக் கழுத்து கொஞ்சம் இளகிற்று.

ஒரு தடவைக்கு 50 நிமிஷம், 1,500 ரூபாய். 2023 மார்ச்சில் தொடங்கி பதினான்கு மாதத்தில் 41 தடவை, 61,500 ரூபாய். முதலில் வாராவாரம் நேரில். மயிலாடுதுறையிலிருந்து திருச்சி போகும் ரயிலில் கும்பகோணத்தில் ஏறுவேன். பாபநாசம், தஞ்சாவூர், பூதலூர் என்று அது நின்று நின்று போவது முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக அந்த இரண்டரை மணி நேரமும் சிகிச்சையில் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது.

முதல் ஆறு வாரம் பழைய கதையை அவர் தொடவே இல்லை. "நாற்காலியில உங்க முதுகு எந்த இடத்துல படுது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் கோபமும். 1,500 ரூபாய் கொடுத்து நாற்காலியைப் பற்றிப் பேசுகிறேனே என்று. அறையைச் சுற்றி மெதுவாகப் பார்க்கச் சொல்வார், கதவு எங்கே இருக்கிறது, அது பூட்டியிருக்கிறதா என்று. கதவை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார், நான் சொல்லாமலே. உடம்பில் பயமே இல்லாத ஒரு இடம் கண்டுபிடியுங்கள் என்றார். எனக்கு அப்படி ஒரு இடமும் இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் கிடைத்தது. இடது குதிகால். அந்தக் குதிகாலில்தான் எங்கள் சிகிச்சையே நின்றது. தொண்டை அடைப்பைக் கொஞ்ச நேரம் கவனிப்பது, உடனே குதிகாலுக்கு வருவது, மறுபடி தொண்டை, மறுபடி குதிகால். ஊஞ்சல் மாதிரி.

இன்னொன்று சொல்லியாகவேண்டும். ஆரம்பத்தில் நான் 'ஆன்சைட்டியா இருக்கு, ட்ரிகர் ஆச்சு' என்றே பேசிக்கொண்டிருந்தேன், யூடியூப் படிப்பு. மேடம், "உங்க பெரியம்மா ஊர்ல எப்படிச் சொல்வாங்களோ அப்படிச் சொல்லுங்க" என்றார். அதற்கப்புறம் வார்த்தை வந்து கொட்டியது. வயிற்றைப் பிசைகிறது, அடிவயிறு கலங்குகிறது, கை கால் வெலவெலத்துப் போகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி, உடம்பு கூசுகிறது. நம் ஆட்கள் மனசைப் பற்றிப் பேசினாலே உடம்பை வைத்துத்தான் பேசுகிறார்கள். இப்படிச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது, வயிற்றைப் பிசைவது வேறு, கலங்குவது வேறு. பிசைந்தால் எனக்குக் கோபம், கலங்கினால் பயம். நாற்பது வயதில் கண்டுபிடித்தேன். 'எதற்கும் அசையாதவள், கல்லு மாதிரி' என்று எனக்குச் சொந்தத்தில் ஒரு பேர் உண்டு. சாவு வீட்டில்கூட அழமாட்டேன். அது தைரியம் இல்லை, மரத்துப்போனது என்பதும் அங்கேதான் தெரிந்தது. படபடப்பு ஒரு கோடி என்றால் இந்த மரப்பு இன்னொரு கோடி. இரண்டுக்கும் நடுவில் தாங்கக்கூடிய ஒரு அகலம் இருக்கிறது, சிகிச்சை என்பது அந்த அகலத்துக்குள் மட்டும் நடக்கவேண்டும், அகலம் தானாக விரியும் என்றார். முகாமில் என்னை அந்த அகலத்துக்கு வெளியே தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

நேரில் நான்கு மாதம் போனபின் ஆன்லைனில் மாற்றினோம். எங்கள் ஓட்டு வீட்டில் தனியறை என்று ஒன்று கிடையாது. கடையை மத்தியானம் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, இயர்போன் போட்டுக்கொண்டு உள்ளே உட்காருவேன். முழு ஷட்டர் இறக்கினால் எனக்கு ஆகாது. வீட்டுக்காரர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு யாரையும் விடமாட்டார். அந்த நாளில் முகூர்த்தமோ, பள்ளிக்கூடச் சேர்க்கை அவசரமோ இல்லாமல் பார்த்துக்கொள்வோம். முடிந்ததும் அரைமணி நேரத்துக்கு வண்டி ஓட்டமாட்டேன். ஒரு தடவை உடனே ஸ்கூட்டரை எடுத்துக் குறுக்கே வந்த ஆட்டைப் பார்க்காமல் விட்டேன். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு முட்டி பெயர்ந்தது.

2024 மாசியில் அது நடந்தது. ஆன்லைனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரவை ஆலையிலிருந்து ஊறல் தண்ணீரின் புளிப்பும் ஆவியும் கலந்து நெல் அவிக்கும் வாடை ஷட்டருக்கு அடியில் புகுந்து வந்தது. தொண்டை அடைத்தது. "இப்ப என்ன ஆகுது?" என்றார். வாடை என்றேன். அந்தக் கணம்தான் எனக்கே முடிச்சு அவிழ்ந்தது. பெரியப்பா வீட்டில் அறுவடை முடிந்து கொல்லையில் விடியவிடிய நெல் அவிப்பார்கள். நான் இருக்கும் உள்ளின் சின்ன ஜன்னல் அந்தக் கொல்லைப் பக்கம். எனக்கு மறந்துபோனதை என் தொண்டை மறக்கவில்லை. முன்பெல்லாம் இதில் விழுந்து மூழ்கியிருப்பேன். "குதிகால் இருக்கா?" என்றார் மேடம். இருந்தது. "காலுக்கு ஏதாவது செய்யணும்போல இருக்கா?" கால் எதையோ உதைக்க விரும்பியது. கதவை. எழுந்து, கடைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கால்களை ஊன்றி, மெதுவாகத் தள்ளச் சொன்னார். "மெதுவா, இன்னும் மெதுவா, வலு எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாருங்க." தள்ளினேன். தொடை இரண்டும் ஆடு பால் கொடுக்கும்போது குட்டிக்கு வால் ஆடுகிற மாதிரி நடுங்கியது. நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது, தொடர்ந்து கொட்டாவி, பின்னால் கொஞ்சமாக அழுகை. கைதட்டல் இல்லை, மேளம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து, "இன்னைக்கு இது போதும், மீதி நேரம் மதியச் சாப்பாட்டைப் பத்திப் பேசலாம்" என்றார். வீட்டுக்குப் போய்த் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியது.

அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே மறுபடி அடைத்தது, கொஞ்சம் லேசாக. இந்த முறையைப் பற்றி ஆகா ஓகோ என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். பிடிஎஸ்டிக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தவற்றில் ட்ராமாவை மையமாக வைத்த பேச்சு சிகிச்சையும், கண்ணசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். முறையும் முக்கியமானவை. உடல்வழிச் சிகிச்சைக்கு அந்த அளவுக்கு ஆய்வு பலம் இன்னும் சேரவில்லை. மேடமே இதைச் சொன்னார். எனக்கும் உடம்பு மட்டும் இல்லை, மாத்திரை, பேச்சு, உடம்பு மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தது. எந்த உருண்டையில் குணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

யோகா பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஊர்ப் பக்கத்து யோகா வகுப்பில் கண்ணை மூடிச் சவாசனத்தில் படுத்தால் எனக்குப் பத்தாய உள்தான். கண்ணைத் திறந்துகொண்டு, சுவரோரம், கதவைப் பார்த்து உட்கார அனுமதி கேட்டேன், ஆசிரியர் ஒத்துக்கொண்டார். பின்னாலிருந்து வந்து முதுகை நிமிர்த்திவிட வேண்டாம் என்றும் சொன்னேன். இதைக் கேட்பதற்குக் காரணம் விளக்கவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. "டாக்டர் சொல்லியிருக்கார்" போதும். அதே மாதிரி, உங்கள் கதை முழுவதையும் எல்லாரிடமும் சொல்லவேண்டியதும் இல்லை. முகாமில் முப்பது பேருக்கு முன்னால் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. நல்ல சிகிச்சையில் கதையே முழுதாகச் சொல்லாமல் பாதி தூரம் போக முடிந்தது. வீட்டில் வாடை வந்தால் கொழுந்து வெற்றிலை ஒன்றைக் கிள்ளி மூக்கருகே வைத்துக்கொள்வேன், அந்தக் காரம் என்னை இன்றைய தேதிக்கு இழுத்து வரும். எனக்கு வெற்றிலை, உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள், தஞ்சாவூரில் இருக்கிறது, திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. ராத்திரி இரண்டரை மணிக்குத் தாங்க முடியாமல் போனால் 14416, டெலிமானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. அந்த ஐந்து வாரத்தில் எனக்கு இந்த எண் தெரியாது. தெரிந்திருந்தால் திண்ணையில் கிடந்த ராத்திரிகள் கொஞ்சம் குறைந்திருக்கும். தாயத்து, முகாம், கடை நஷ்டம் எல்லாம் கூட்டினால் 89,700 ரூபாய். அதில் 59 தடவை மேடத்திடம் போயிருக்கலாம், எனக்குக் கணக்குப் போடுகிற வியாதி வேறு.

இப்போது மாதம் ஒரு தடவை. மாத்திரையை டாக்டரம்மா பாதியாகக் குறைத்திருக்கிறார். போன வைகாசியில் பெரியப்பா தவறிவிட்டார். கருமாதிக்குப் போகவேண்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அந்த உள்ளுக்குள் போய் நின்று ஜெயித்துக் காட்டவேண்டும் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே பரீட்சை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். போனேன். பத்தாயத்தை எப்போதோ பழைய சாமான்காரரிடம் விற்றுவிட்டார்களாம், அந்த உள்ளில் இப்போது வாஷிங் மெஷின் இருக்கிறது என்று தம்பி முறை ஆகிறவன் சொன்னான், "வந்து பாருக்கா" என்றான். அடிவயிறு கலங்கியது. பிசையவில்லை, கலங்கியது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று காபி குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.